தலைகீழாகத் தொங்கிய ஓவியம்: வடிவியல் ஓவியத்தில் சமநிலை எங்கிருந்து வருகிறது?

1. கேள்வி

2022 அக்டோபரில் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரக் கலைக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு செய்தி வெளியானது. பீட் மோந்திரியன் 1941இல் உருவாக்கிய 'நியூயார்க் சிட்டி 1' என்ற படைப்பு பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்பதே அது. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலக் கலைச் சேகரிப்பின் காப்பாட்சியர் சுசான மேயர்-ப்யூசர் இதைக் கண்டறிந்தார். 1945இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோதே அது அப்படித்தான் இருந்தது. 1980இல் டியூசல்டார்ஃபுக்கு வந்த பிறகும் அந்த நிலை மாறவில்லை.

அவர் முன்வைத்த சான்றுகள் வலுவானவை. மோந்திரியன் இறந்த சில நாட்களில் அவருடைய பணிக்கூடத்தில் எடுத்த புகைப்படம் 1944 ஜூனில் ஓர் இதழில் அச்சாகியிருந்தது. அதில் ஓவியத்தாங்கியின் மேல் இதே படைப்பு மறுதிசையில் நிற்கிறது; நெருக்கமான கோடுகள் மேல் விளிம்பில் இருக்கின்றன. பாரிஸின் பாம்பிடு மையத்தில் உள்ள 'நியூயார்க் சிட்டி' என்ற எண்ணெய் வண்ண ஓவியம் இதற்கு மிக நெருங்கிய உறவுடையது. அதிலும் அடர்த்தி மேலேதான். இவ்வளவு தெரிந்தும் படைப்பைத் திருப்பி மாட்டுவதில்லை என்று கலைக்கூடம் முடிவெடுத்தது. அதன் கோடுகள் வண்ண ஒட்டுநாடாக்களால் ஆனவை. பசை வலுவிழந்த நிலையில் திருப்பினால் அவை உதிர்ந்துவிடலாம்.

இச்செய்தியை எளிதாக எள்ளி நகையாடலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் கலை விமர்சனத்துக்கு இதில் கடுமையான ஒரு கேள்வி இருக்கிறது. மோந்திரியனைப் பற்றி எழுதிய பலரும் அவருடைய ஓவியங்களின் சமநிலையைப் போற்றினார்கள். ஒரு கோட்டை நகர்த்தினாலும் முழுமை குலைந்துவிடும் என்றார்கள். முழு ஓவியமும் தலைகீழானபோது எவருக்கும் அது குலைந்ததாகத் தெரியவில்லை என்றால், அந்தச் சமநிலை எதில் இருக்கிறது? வடிவியலிலா, பார்ப்பவர் கண்ணிலா, விமர்சகரின் சொல்லிலா? இக்கட்டுரை மோந்திரியனை மையமாக வைத்து இந்தக் கேள்வியை ஆராய்கிறது. யோசெஃப் ஆல்பர்ஸ், எஸ். எச். ரஸா, நஸ்ரின் முகமதி ஆகிய ஓவியர்கள் பின்பகுதியில் வருவார்கள்.

2. நிலவும் விளக்கங்கள்

முதல் விளக்கம் விகிதம் சார்ந்தது. வடிவியல் ஓவியம் அழகாக இருப்பதற்குக் காரணம் அதற்குள் ஒளிந்திருக்கும் பொன்விகிதம் என்று சொல்லும் ஒரு நீண்ட மரபு உண்டு. 1912இல் பாரிஸில் கியூபிச ஓவியர்கள் சிலர் தங்கள் கண்காட்சிக்கே அந்த விகிதத்தின் பெயரைச் சூட்டினார்கள். ஓவியர்களின் மறைவான வடிவியலைப் பற்றி ஷார்ல் பூலோ 1963இல் வெளியிட்ட நூல் இம்மரபின் செல்வாக்கு மிக்க வெளிப்பாடு. மோந்திரியனின் கட்டங்களின் மேல் பொன்விகிதச் செவ்வகங்களை வரைந்து காட்டும் படங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் புழங்குகின்றன. இவற்றை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஏழெட்டுக் கோடுகளுள்ள ஓர் ஓவியத்தில் எந்த இரு கோடுகளை எடுத்து அளப்பது என்பது அளப்பவரின் விருப்பம். கோட்டின் தடிமனில் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்பதும் அவர் விருப்பமே. இத்தனை சலுகை இருந்தால் எந்த விகிதத்தையும் எதிலும் கண்டுவிடலாம். மோந்திரியன் அளவுகோலை வைத்துக் கணக்கிட்டு வரையவில்லை, கண்ணால் திருத்தித் திருத்தியே வரைந்தார் என்பதற்கு அவருடைய கித்தான்களே சாட்சி. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாவது விளக்கம் ஆன்மிகம் சார்ந்தது. மோந்திரியன் 1909இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். சென்னை அடையாற்றைத் தலைமையகமாகக் கொண்ட அந்த இயக்கம் ஐரோப்பிய அரூப ஓவியத்தின் பிறப்பில் வகித்த பங்கு பெரியது. அடையாறு ஆலமரத்தைப் பார்க்கச் செல்பவர்களில் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எண்ணங்களுக்கு வண்ணமும் வடிவமும் கொடுத்து எழுதிய நூலை ஓவியர் கான்டின்ஸ்கி அறிந்திருந்தார். செங்குத்து ஆன்மாவையும் கிடைக்கோடு பருப்பொருளையும் குறிக்கின்றன, இரண்டும் செங்கோணத்தில் சந்திப்பதே பிரபஞ்ச இசைவு என்ற எண்ணம் மோந்திரியனின் குறிப்புகளில் அடிக்கடி வருகிறது. இந்தப் பின்புலத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அவர் ஏன் இசைவைத் தேடினார் என்பதைத்தான் அது சொல்கிறது. குறிப்பிட்ட ஓர் ஓவியத்தில் அந்த நீலம் ஏன் அந்த மூலையில், அந்த அளவில் இருக்கிறது என்பதற்கு அதனிடம் விடை இல்லை. ஒரே கொள்கையைப் பின்பற்றிய வேறு பலர் சாதாரண ஓவியங்களையே வரைந்தார்கள்.

மூன்றாவது விளக்கம் உளவியல் சார்ந்தது. மூன்றில் இதுவே பயனுள்ளது. ருடால்ஃப் ஆர்ன்ஹைம் 1954இல் வெளியிட்ட கலையும் காட்சிப்புலனும் பற்றிய நூலில், வெற்றுச் சதுரம்கூட வெறுமையானது அல்ல என்று வாதிட்டார். அதன் மையம், மூலைகள், அச்சுகள் எல்லாம் கண்ணுக்குப் புலப்படாத விசைகளைக் கொண்டிருக்கின்றன. அதற்குள் வைக்கப்படும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு காட்சி எடை உண்டு. மேலே இருப்பது கீழே இருப்பதைவிடக் கனமாகத் தெரியும். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடக் கனம். சிவப்பு நீலத்தைவிடக் கனம். மையத்திலிருந்து விலக விலக, துலாக்கோலின் முனையில் வைத்த சிறு படிக்கல் போல, சிறிய வடிவமும் பெரிய எடையைத் தாங்கும். சமநிலை என்பது இந்த எடைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை.

3. சதுரங்கப் பலகையிலிருந்து 1930க்கு

மோந்திரியன் சமச்சீரை முயன்று பார்க்காமல் விலக்கியவர் அல்லர். 1919இல் அவர் வரைந்த இரண்டு சதுரங்கப் பலகை ஓவியங்கள் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் 16 வரிசை, 16 நிரை. மொத்தம் 256 சம அளவுச் செவ்வகங்கள். ஒன்றில் வெளிர் வண்ணங்கள், மற்றொன்றில் அடர் வண்ணங்கள். வடிவியல் ஒழுங்கே இசைவைத் தந்துவிடும் என்றால் இவையே அவருடைய உச்சமாக இருந்திருக்க வேண்டும். அவர் அந்த வழியில் தொடரவில்லை. ஓராண்டுக்குள் சமமான கட்டங்களைக் கைவிட்டு, அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தாத செவ்வகங்களுக்கு நகர்ந்தார். திரும்பத் திரும்ப வருவது இயற்கையின் இயல்பு, கலை அதிலிருந்து விடுபட்டு எதிர்நிலைகளின் உறவில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்டுரைகளின் சாரம். அசையாத சமநிலையை அவர் மறுத்தார். இயங்கும் சமநிலையைத் தேடினார்.

அந்தத் தேடலின் முழுமையான விளைவாக நான் கருதுவது ஸூரிக் கலைக்கூடத்தில் உள்ள 1930ஆம் ஆண்டு ஓவியம். சிவப்பு, நீலம், மஞ்சள் கொண்ட அந்தச் சிறிய கித்தான் உலகெங்கும் அச்சில் வந்து பழகிப்போனது. அந்தப் பழக்கமே அதைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டது. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பக்கம் ஏறத்தாழ 46 செ.மீ. உள்ள சதுரம் அது. மேல் வலப்பக்கத்தில் ஒரு பெரிய சிவப்புச் சதுரம், பரப்பில் பாதிக்கு மேல் அதுவே. கீழ் இடது மூலையில் நீலம், அதைவிட மிகச் சிறியது. கீழ் வலது மூலையில் மஞ்சள், நீலத்தையும்விடச் சிறியது. மற்றவை வெள்ளை. இடது ஓரத்தில் இரண்டு வெள்ளைச் செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றைப் பிரிக்கும் குட்டையான கறுப்புக் கிடைக்கோடு மற்றக் கோடுகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தடித்தது.

ஆர்ன்ஹைமின் விதிகளை இங்கே பொருத்திப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மேல், வலம், சிவப்பு என எடை கூட்டும் மூன்று காரணங்களும் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன, அளவும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஓவியம் வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏன்? சிவப்பு மிகப் பெரியது என்பதாலேயே அதன் நடுப்புள்ளி கித்தானின் மையத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. நீலமும் மஞ்சளும் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவு போக முடியுமோ அவ்வளவு தொலைவில், மூலைகளில் நிற்கின்றன. தொலைவு அவற்றின் சிறுமையை ஈடுசெய்கிறது. நீலம் சிவப்புக்கு நேர் எதிர் மூலையில் இருப்பதால் இரண்டுக்கும் இடையே கண்ணுக்கு ஒரு மூலைவிட்டம் தோன்றுகிறது. மூலைவிட்டக் கோடே இல்லாத ஓவியத்தில் மூலைவிட்ட இழுவிசை இப்படி உருவாகிறது.

அந்தத் தடித்த குட்டைக் கோட்டின் பணி இன்னும் நுட்பமானது. அதை ஒரு தாள் துண்டால் மறைத்துப் பார்த்தால் இடது ஓரம் முழுவதும் ஒரே வெள்ளைத் தூணாகித் தளர்ந்துவிடும்; சிவப்பு இடப்புறம் வழியத் தொடங்கும். அந்தக் கோடு இருக்கும்போது சிவப்பின் அழுத்தத்தை யாரோ தோள்கொடுத்துத் தாங்குவதாகத் தெரிகிறது. வண்ணமே இல்லாத ஒரு கறுப்புத் துண்டு, பாதி கித்தானை நிரப்பிய சிவப்புக்கு ஈடாக நிற்கிறது.

விளிம்புகளைக் கவனிப்பதும் அவசியம். சிவப்புக்கு மேலும் வலப்புறமும் கறுப்பு எல்லை இல்லை. அது கித்தானின் விளிம்பு வரை ஓடிப்போய் நிற்கிறது. நீலமும் மஞ்சளும் அப்படியே. ஆகவே மூன்று வண்ணங்களும் வெளியே விரியப் பார்க்கின்றன. கோடுகளோ அவற்றை உள்ளே கட்டுகின்றன. சமநிலை என்று நாம் உணர்வது இந்த இழுபறி ஓயாமல் நடக்கும் நிலை. ஓய்ந்த நிலை சதுரங்கப் பலகையில் இருந்தது. அதனால்தான் மோந்திரியன் அதைவிட்டு வெளியேறினார் என்பது என் வாசிப்பு.

ஆர்ன்ஹைமின் கோட்பாடு நடந்ததை விளக்குகிறது. நடக்கப்போவதைச் சொல்லும் திறன் அதற்கு இல்லை. எடை கூட்டும் காரணிகளை அது வரிசைப்படுத்துகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. தொலைவு அளவை ஈடுசெய்யும் என்றால் எந்த அளவுக்கு? அந்தக் குட்டைக் கோடு இன்னும் கால் பங்கு மெலிந்திருந்தால் என்ன ஆகும்? இதற்கு விடை கண்டவர் தூரிகையோடு நின்ற ஓவியர் மட்டுமே.

4. ஆய்வுக்கூடம் சொல்வது

இந்த இடத்தில் ஐயவாதி குறுக்கிடலாம்: இவையெல்லாம் பழகிய கண்ணின் கற்பனை அல்லவா? இந்த ஐயத்தைச் சோதித்தவர்கள் உண்டு.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மைக்கேல் நோல் 1960களின் நடுவில் ஒரு சோதனை செய்தார். மோந்திரியனின் 1917ஆம் ஆண்டு 'கோடுகளால் ஆன அமைப்பு' ஓவியத்தை ஒத்த ஒரு படத்தைக் கணினியைக் கொண்டு தற்செயல் எண்களால் உருவாக்கினார். இரண்டின் நகல்களையும் 100 பேரிடம் காட்டினார். கணினிப் படம் எது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 விழுக்காட்டினர். கணினிப் படமே பிடித்திருக்கிறது என்றவர்கள் 59 விழுக்காட்டினர். அரூப ஓவியத்தை எதிர்ப்பவர்களுக்கு இது பெரிய ஆயுதமாயிற்று.

இச்சோதனையை மதிப்பிடும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். காட்டப்பட்டவை கறுப்பு வெள்ளை நகல்கள். ஓவியத்தின் அளவும் மேற்பரப்பும் அதில் இல்லை. அடுத்தது, 1917 ஓவியம் சிறுசிறு கிடை, செங்குத்துக் கோட்டுத் துண்டுகள் ஒரு வட்டப் பரப்பில் சிதறிக்கிடப்பது. ஸூரிக் ஓவியத்தைப் போல ஏழெட்டு உறுப்புகளின் கடும் பேரத்தில் நிற்பது அல்ல. நூற்றுக்கணக்கான துண்டுகளில் ஒன்று நகர்ந்தால் பெரிய மாற்றம் ஏதும் நேராது. கணினிப் படத்தின் ஒழுங்கின்மையைப் பார்வையாளர்கள் மனிதக் கற்பனையோடும் மோந்திரியனின் ஒழுங்கை இயந்திரத்தோடும் இணைத்துக்கொண்டதாக நோலே கருதினார். ஆகவே அவர் அளந்தது, கலை என்றால் எப்படி இருக்கும் என்ற மக்களின் முன்முடிவை. சமநிலையை அவர் அளக்கவில்லை.

பிரிட்டிஷ் உளவியலாளர் மக்மேனஸும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மோந்திரியன் ஓவியங்களின் கோடுகளைச் சற்றே இடம்மாற்றி, மூலத்தையும் மாற்றியதையும் அருகருகே காட்டினார்கள். பயிற்சி இல்லாத பார்வையாளர்களும் தற்செயல் அளவைவிடச் சற்றே கூடுதலாக மூலத்தைத் தேர்ந்தார்கள். இந்தச் 'சற்றே' முக்கியமானது. ஒரு கோட்டை நகர்த்தினால் அனைத்தும் இடிந்துவிடும் என்ற விமர்சகர்களின் மிகையை அது குறைக்கிறது. சமநிலை வெறும் கற்பனை என்ற கூற்றையும் அது தள்ளிவிடுகிறது.

2000இல் லாட்டோவும் வேறு இரு ஆய்வாளர்களும் மோந்திரியன் ஓவியங்களைப் பல கோணங்களில் சுழற்றிக் காட்டினார்கள். கோடுகள் சாய்வாக நின்றவற்றைவிட, செங்குத்தாகவும் கிடையாகவும் நின்றவற்றைப் பார்வையாளர்கள் அதிகம் விரும்பினார்கள். மனிதக் கண் சாய்கோட்டைவிடச் செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் கூர்மையாக உணர்கிறது என்பது உளவியலில் நிறுவப்பட்ட ஒன்று. 1920களில் நண்பர் தியோ ஃபான் தூஸ்பர்க் சாய்கோட்டைப் புகுத்தியபோது மோந்திரியன் அதை ஏற்காமல் 'டி ஸ்டெய்ல்' இயக்கத்தைவிட்டு விலகினார். அவருக்கு அது கொள்கைப் பிரச்சினை. கொள்கைக்குக் கீழே உடலின் இயல்பும் இருந்தது என்பது இந்த ஆய்விலிருந்து தெரிகிறது.

5. கித்தானின் சாட்சியம்

1940 அக்டோபரில் மோந்திரியன் போரிலிருந்து தப்பி லண்டனிலிருந்து நியூயார்க் வந்தார். பாரிஸிலும் லண்டனிலும் தொடங்கிய ஓவியங்கள் பலவற்றை அங்கே மீண்டும் திருத்தினார். பதினேழு ஓவியங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஹாரி கூப்பரும் ரான் ஸ்ப்ராங்கும் ஊடுகதிர்ப் படங்களின் துணையோடு ஆராய்ந்து 2001இல் ஹார்வர்டில் கண்காட்சியாக வைத்தனர். முடிந்துவிட்டதாகக் கருதத்தக்க ஓவியங்களில்கூட மோந்திரியன் கோடுகளைக் கூட்டியும் அகற்றியும் தடிமனை மாற்றியும் இருக்கிறார். கறுப்பு எல்லை இல்லாத சிறு வண்ணத் துண்டுகளைப் புதிதாகச் செருகியிருக்கிறார். டல்லஸில் உள்ள 'பிளாஸ் த லா கோன்கோர்ட்' ஓவியத்தின் காலம் 1938–43 எனக் குறிக்கப்படுவதற்கு இதுவே காரணம். பொன்விகிதத்தை முன்கூட்டியே கணக்கிட்டவருக்கு ஐந்தாண்டுத் திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

ஒட்டுநாடா அவருக்குக் கிடைத்த பெரும் விடுதலை. வண்ணம் பூசிய கோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். நாடாவை உரித்து இரண்டு விரல் தள்ளி ஒட்டினால் போதும். டியூசல்டார்ஃப் படைப்பு அப்படியொரு பேரத்தின் இடைநிலை. எண்ணெய் வண்ணமாக மாறாமல், கையெழுத்தும் இல்லாமல் நின்றுபோனது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். 'நியூயார்க் சிட்டி 1' தலைகீழாகத் தாங்கியது ஏன் என்பதற்கு அதன் அமைப்பிலேயே விடை இருக்கிறது. அதில் வண்ணப் பரப்புகள் இல்லை, கோடுகள் மட்டுமே. கோடுகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்கின்றன. எடை எங்கும் பரவியிருக்கிறது. மேல், கீழ் என்ற வேறுபாடு இருந்தாலும் ஸூரிக் ஓவியத்தில் உள்ளதைப் போல அது தீர்மானகரமானது அல்ல. தவிர, திருப்பினாலும் செங்குத்து செங்குத்தாகவும் கிடை கிடையாகவுமே இருக்கின்றன. நியூயார்க்கில் அவர் எடைகளை ஈடுகட்டும் வேலையிலிருந்து தாளத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். 'பிராட்வே பூகி வூகி' அதன் நிறைவு. தாளத்தைத் திருப்பினாலும் தாளம் இருக்கும். அது தொடங்கும் இடம்தான் மாறும்.

எனினும் எதுவுமே மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். அடர்ந்த கோடுகள் கீழே இருக்கும்போது அது தரையில் ஊன்றிய கட்டமைப்பாகிவிடுகிறது. அவை மேலே போகும்போது கீழ்ப்பகுதி காற்றோட்டமாகத் திறக்கிறது, எடை மிதக்கிறது. கனமானதைக் கீழே வைத்து ஊன்றச் செய்வது நம் அன்றாடப் பழக்கம். மோந்திரியன் அதற்கு எதிர்த்திசையில் போனார். மாட்டியவர்கள் தங்கள் பழக்கத்துக்கு ஏற்ற திசையில் மாட்டினார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. அப்படியானால் அந்தத் தவறே ஆர்ன்ஹைமுக்கு ஒரு சான்று.

6. சமச்சீரை ஏற்றவர்கள்

சமச்சீரின்மையே சமநிலையின் ஒரே வழி என்று இதுவரை சொன்னதிலிருந்து ஒருவர் முடிவுக்கு வரலாம். அது சரியல்ல. யோசெஃப் ஆல்பர்ஸ் 1950 முதல் 1976இல் இறக்கும்வரை ஒரே வடிவத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வரைந்தார்: ஒன்றினுள் ஒன்றாக மூன்று அல்லது நான்கு சதுரங்கள். அவை நடுவில் அமையாமல் கீழே இறங்கி நிற்கும். கீழ் இடைவெளி ஒரு பங்கு, பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. இங்கே வடிவியல் முன்பே முடிவாகிவிட்டது, மாறுவது வண்ணம் மட்டுமே. ஒரே அளவுச் சதுரம் ஓர் ஓவியத்தில் முன்னே வருகிறது, மற்றொன்றில் சுரங்கமாகப் பின்வாங்குகிறது. கண்ணின் தீர்மானம் கோட்டிலிருந்து வண்ணத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

1950இல் பாரிஸ் சென்ற எஸ். எச். ரஸா, நெடுங்காலம் நிலக்காட்சிகளை வரைந்த பின், 1980 வாக்கில் பிந்துவை மையமாக்கினார். சதுரத்தின் நடுவே கரிய வட்டம். மோந்திரியன் அஞ்சி விலக்கிய மையத்தை ரஸா முதல் செயலாகவே வைத்துவிடுகிறார். சமநிலை தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டால் ஓவியருக்கு மிஞ்சும் வேலை என்ன? நல்ல ரஸாவில் அந்த வேலை வட்டத்தைச் சுற்றி நடக்கிறது: அடுத்தடுத்த வளையங்களில் கறுப்பு பழுப்பாகி, சாம்பலாகி, செம்மண்ணாகித் தளரும் விதத்தில். அந்தப் படிநிலை உயிரோடிருக்கும் ஓவியங்களில் மையம் ஈர்க்கிறது. அவருடைய பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் வண்ணப் படிநிலை வழக்கமாகிப்போய், சமச்சீர் மட்டும் மிஞ்சுகிறது. அவற்றை ஆன்மிகச் சொற்களால் காப்பாற்றும் போக்கு நம் விமர்சனத்தில் இருப்பது வருத்தத்துக்குரியது. பிந்து என்ற பெயரே ஓவியத்துக்கு ஆழம் தந்துவிடாது.

நஸ்ரின் முகமதி (1937–1990) எதிர்முனையில் நிற்கிறார். பரோடாவில் கற்பித்த அவர் வண்ணத்தைக் கைவிட்டு, தாளில் மையும் பென்சிலும் வரைகருவிகளும் மட்டும் கொண்டு வேலை செய்தார். எழுபதுகளின் கட்டங்களில் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம் மெல்ல மெல்ல மாறுகிறது. மையின் அழுத்தம் கூடிக் குறைகிறது. எண்பதுகளில் கட்டமும் போய், வெள்ளைத் தாளில் சில சாய்கோடுகள் மட்டும் மிதக்கின்றன. செங்குத்தையும் கிடையையும் நம்பிய மோந்திரியனுக்கு ஏற்க முடியாத வடிவம் அது. சாய்கோடு நிலைகொள்ளாதது, ஆனால் தாளில் பெரும்பகுதியை வெறுமையாக விட்ட நஸ்ரினின் துணிவு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. கருவியால் இட்ட கோட்டில் இவ்வளவு பதற்றம் இருக்க முடியும் என்பதை அவருக்கு முன் இங்கே எவரும் காட்டவில்லை என்றே கருதுகிறேன்.

7. அச்சுப் படத்தின் சிக்கல்

தமிழில் நவீன ஓவியம் பற்றிய எழுத்தின் பெரும்பகுதி அச்சுப் படங்களைப் பார்த்து எழுதப்பட்டது. உருவ ஓவியத்தில் இதனால் வரும் இழப்பு ஓரளவுக்குத் தாங்கத்தக்கது. முகமும் கதையும் மிஞ்சும். வடிவியல் ஓவியத்தில் மிஞ்சுவது வரைபடம் மட்டுமே. மோந்திரியனின் வெள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று நீலம் கலந்தது, ஒன்று சாம்பல் சாயல் கொண்டது. தூரிகை வீச்சின் திசையும் பரப்புக்குப் பரப்பு மாறுகிறது. அச்சில் அவை யாவும் தாளின் வெள்ளையாகிவிடுகின்றன. சில ஓவியங்களில் கறுப்புக் கோடு விளிம்பைத் தொடாமல் சற்று முன்னதாகவே நின்றுவிடும். அச்சிடுபவர் ஓரத்தை வெட்டினால் அந்த நிறுத்தம் காணாமல் போகும். திறந்திருந்த ஓவியம் மூடிய பெட்டியாகும். நஸ்ரினின் பென்சில் கோடுகள் பல நேரம் அச்சேறுவதே இல்லை.

பொன்விகிதமும் குறியீட்டு விளக்கமும் நம்மிடையே இவ்வளவு எளிதாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். விகிதத்தை அச்சுப் படத்தில் அளக்கலாம், குறியீட்டை அச்சுப் படத்தில் வாசிக்கலாம். ஒரு குட்டைக் கறுப்புக் கோட்டின் தடிமன் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பதை மூலத்தின் முன், அதன் உண்மை அளவில் நின்றால்தான் காண முடியும். அது கைகூடாதபோது ஓவியத்தின் அளவு, கோட்டுத் தடிமன்களின் வேறுபாடு, விளிம்பில் என்ன நடக்கிறது என்ற மூன்றையாவது கட்டுரையாளர் விசாரித்து எழுத வேண்டும். பதிப்பாளர் படத்தின் ஓரத்தை வெட்டாமல், அளவைக் குறிப்பிட்டு அச்சிட வேண்டும்.